மாத்திரைக்கு மசியாத வலிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், வலிப்பு மாத்திரைகளை வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டிய அவசியத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்டையார்பேட்டை, காசிமேடு, பெரம்பூர், வியாசர்பாடி, இராயபுரம் என வடசென்னையிலிருந்தே வந்திருக்கின்றன. சொல்லி வைத்தாற்போல எல்லாக் கடிதங்களிலும் ஒரே ஆதங்கம்: “வேளை தவறாமல்தான் சாப்பிடுகிறோம், பிறகும் ஏன் நிற்கவில்லை?” இம்முறை பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐயா, என் மகனுக்கு வயது 19. பத்து வயதில் தொடங்கிய வலிப்பு இன்றும் மாதத்திற்கு மூன்று நான்கு முறை வருகிறது. மூன்று வகை மாத்திரை சாப்பிடுகிறான். சீட்டில் ‘மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். மூளையின் கிளர்ச்சியை அடக்கும் ஏற்பிகள் குறைந்துபோவதுதான் காரணம் என்று என் மகள் கைப்பேசியில் படித்துச் சொன்னாள். அப்படியானால் அந்த ஏற்பிகளைத் தூண்டும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் தீர்ந்துவிடாதா?
— ஒரு தாய், தண்டையார்பேட்டை

அம்மா, கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த நோட்டுப் பக்கத்தின் நகலைப் பார்த்தேன். “வியாழன் காலை 5.40. வயிற்றிலிருந்து ஏதோ மேலே வருகிறது என்றான். உதட்டைச் சப்பினான். வலது கை முறுக்கிக்கொண்டது. 2 நிமிடம். பிறகு தூங்கிவிட்டான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்து வரிகளில் நரம்பியல் மருத்துவருக்கு வேண்டியவற்றில் பாதி அடங்கியிருக்கிறது. அதைக் கடைசிக் கேள்வியில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகள் படித்ததிலும் உண்மை இருக்கிறது. ‘குறைந்துபோவது’ என்ற ஒரு சொல்தான் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளப் பெரும்பாலும் குளூட்டமேட் என்னும் பொருளைப் பயன்படுத்துகின்றன. அடக்குவதற்குப் பயன்படுவது காமா அமினோ பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாகக் காபா. இது மூளையில் இருப்பது 1950ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. காபா வந்து அமரும் முக்கியமான இருக்கைக்குக் காபா-ஏ ஏற்பி என்று பெயர். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை விட்டு வைத்திருப்பதாக அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். காபா வந்து ஒட்டியதும் துளை திறக்கிறது, வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பணு அடங்குகிறது. 1912இலிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவரும் பினோபார்பிடோனும், பின்னால் வந்த டயசெபாம், லோரசெபாம், க்ளோபசாம் போன்றவையும் இதே ஏற்பியில்தான் வேலை செய்கின்றன. வழக்கமான அளவில் இவை தாமாகத் துளையைத் திறப்பதில்லை. காபா திறக்கும்போது அது அடிக்கடி திறக்கவோ, திறந்தது கூடுதல் நேரம் திறந்திருக்கவோ உதவுகின்றன. உதவியாளுக்கு வேலை இருக்க வேண்டுமானால் முதலாளி ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

வலிப்பு பல ஆண்டுகள் நீடித்த மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை சில இடங்களில் குறையத்தான் செய்கிறது; ஆனால் எண்ணிக்கையை விடவும் முக்கியமான மாற்றங்கள் வேறு உண்டு. ஏற்பியைக் கட்டும் துண்டுகளில் மனித உடலில் 19 வகைகள் இருக்கின்றன. எந்த ஐந்து சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஏற்பியின் குணம் மாறும். நாட்பட்ட வலிப்புக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதியை ஆராய்ந்து 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆல்ஃபா-1 என்ற துண்டு குறைந்து ஆல்ஃபா-4 என்ற துண்டு கூடியிருந்தது. ஆல்ஃபா-4 உள்ள ஏற்பியில் டயசெபாம் வகை மருந்துகள் பிடிப்பதில்லை. அதாவது ஏற்பி அங்கேயே இருக்கிறது, காபாவும் வருகிறது. நாம் கொடுக்கும் மாத்திரைக்கு மட்டும் அங்கே ஒட்ட இடமில்லை.

இன்னொரு மாற்றத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மெக்ஸிகோவைச் சேர்ந்த ரிக்கார்டோ மிலேடியும் இத்தாலியைச் சேர்ந்த ஃபாப்ரிட்சியோ யூசெபியும் தம் குழுவினருடன், வலிப்புக்காக அறுவை செய்து எடுக்கப்பட்ட மனித மூளைத் துணுக்குகளிலிருந்து செல் சவ்வுகளைப் பிரித்தெடுத்து, அவற்றை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். மணிலாக் கொட்டையளவு கூட இல்லாத அந்த முட்டை, மனித மூளையின் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் ஏற்றுக்கொண்டது. அதன் மீது காபாவைச் சில வினாடிகள் ஊற்றி, சற்று இடைவெளி விட்டு மறுபடியும் ஊற்றி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று அளந்தபோது, வலிப்பு மூளையிலிருந்து வந்த ஏற்பிகள் அடுத்தடுத்த முறைகளில் சட்டென்று சோர்ந்துபோயின. வலிப்பின்போது மூளையில் நடப்பதும் அதுதான்: காபா ஓயாமல் வந்து தட்டுகிறது. எந்த நேரத்தில் ஏற்பி உறுதியாக நிற்க வேண்டுமோ அந்த நேரத்தில் அது தளர்ந்துவிடுகிறது. லெவடிராசெட்டம் என்ற மருந்து இந்தச் சோர்வை ஓரளவு குறைப்பதாகவும் அதே வழியிலான சோதனைகளில் தெரியவந்தது. அந்த மருந்து வேறொரு புரதத்தின் மீது செயல்படுவதாகவே அறியப்பட்டது என்பதால் இது எதிர்பாராத செய்தி.

மூன்றாவது மாற்றம் ஏற்பியில் நிகழ்வதே இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடலும் கழியும் சந்திக்கும் அந்த இடத்தில் வழி திறந்திருக்கிறது என்பது மட்டுமே நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. கடல் ஏறியிருந்தால் நீர் உள்ளே வரும், வற்றியிருந்தால் வெளியே போகும். காபா-ஏ ஏற்பியும் வெறும் வழிதான். குளோரைடு உள்ளே பாய்ந்து நரம்பணுவை அடக்க வேண்டுமானால், உள்ளே அதன் அளவு எப்போதும் குறைவாக இருக்க வேண்டும். அதற்காக ‘கேசிசி2’ என்ற புரதம், மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் ஓடும் மோட்டாரைப் போல, குளோரைடை விடாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. வலிப்பு மையத்திலுள்ள சில நரம்பணுக்களில் இந்த மோட்டார் பழுதாகிவிடுகிறது. உள்ளே குளோரைடு தேங்குகிறது. அப்போது காபா வந்து துளையைத் திறந்தால் குளோரைடு வெளியே பாய்ந்து, அடங்க வேண்டிய நரம்பணு கிளர்ந்தெழுகிறது. பாரிஸில் அறுவை செய்யப்பட்ட நோயாளிகளின் மூளைத் திசுக்களை உயிரோடு வைத்து 2002இல் நடத்தப்பட்ட ஆய்வில், சில நரம்பணுக்களைக் காபா உண்மையாகவே தூண்டிவிடுவதை நேரில் பதிவு செய்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். துண்டு மாறிவிட்ட ஏற்பியில் மாத்திரை ஒட்டாது; சோர்ந்த ஏற்பியில் ஒட்டினாலும் பயன் குறைவு; மோட்டார் பழுதான நரம்பணுவில் வழியை அகலத் திறப்பது எதிர்விளைவையே தரக்கூடும். மூளையின் நலமான பகுதிகளிலோ மாத்திரை முழு வேகத்தில் வேலை செய்வதால், அளவைக் கூட்டக் கூட்ட வலிப்பு நிற்பதற்கு முன் தூக்கமும் தள்ளாட்டமும் மந்தமும்தான் கூடும். உங்கள் மகன் கல்லூரி வகுப்பில் கண் அசந்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தடுப்பு ஏற்பி ஒன்றே குற்றவாளி என்றும் எண்ணிவிடக் கூடாது. மருந்தை மூளைக்குள் விடாமல் இரத்தக் குழாய்ச் சுவரிலேயே திருப்பி அனுப்பும் புரதங்கள், கார்பமசெபைன் போன்ற மருந்துகள் பிடிக்க வேண்டிய சோடியம் வாயில்களின் மாற்றம் என வேறு விளக்கங்களும் உள்ளன; ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். எது என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லாது.

விசைப்படகில் வேலை செய்கிறேன். க்ளோபசாம் சேர்த்த முதல் மூன்று மாதம் ஒரு வலிப்பு கூட வரவில்லை. இப்போது பழையபடி வருகிறது. மாத்திரையில் கலப்படமா?
— காசிமேடு வாசகர்

கலப்படமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த வகை மருந்துகளுக்கே உள்ள குணம் இது. நாள்தோறும் மருந்து வந்து ஏற்பியைத் தூண்டிக்கொண்டேயிருந்தால், நரம்பணு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஏற்பியில் காபா அமரும் இடமும் மருந்து அமரும் இடமும் தனித்தனி. இரண்டுக்கும் இடையே இருந்த கூட்டு தளர்ந்து, மருந்து ஒட்டினாலும் காபாவின் வேலைக்கு வலு சேராமல் போகிறது. எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. பல ஆண்டுகள் க்ளோபசாம் மட்டும் பயன் தந்துகொண்டிருப்பவர்களும் உண்டு. சில பெண்களுக்கு மாதவிலக்கையொட்டியே வலிப்பு வரும், ஏனெனில் காபா-ஏ ஏற்பிக்கு இயற்கையாக உதவிவந்த ஹார்மோன் வழிப் பொருள் ஒன்று அந்த நாட்களில் வடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அந்தச் சில நாட்கள் மட்டும் க்ளோபசாம் கொடுக்கும் முறை இருக்கிறது. ஏற்பி பழகிப்போவதற்குள் நிறுத்திவிடுவதால் அங்கே அது எடுபடுகிறது.

பலிக்கவில்லை என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பழகிப்போன ஏற்பியிடமிருந்து மருந்தைத் திடீரென்று பறித்தால், இதுவரை வந்ததை விடக் கடுமையான வலிப்பு வரக்கூடும். மருத்துவர் வாரக்கணக்கில் குறைத்துத்தான் எடுப்பார். வலிப்பு கட்டுப்படும் வரை கடலுக்குள் போகும் வேலையை விட்டு, கரையில் வலை பின்னுவதோ ஏலக்கூடத்து வேலையோ பார்ப்பது நல்லது. நினைவு தவறியவனுக்கு நீச்சல் உதவாது.

என் மனைவிக்கு வலிப்பு வந்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனை சேர்வதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஊசி போட்டும் உடனே நிற்கவில்லை. முன்பு ஒருமுறை இதே ஊசியில் உடனே நின்றது. ஊசியின் வீரியம் ஏன் மாறுகிறது?
— ஓய்வுபெற்ற இரயில்வே பணிமனை ஊழியர், பெரம்பூர்

ஊசி மாறவில்லை ஐயா, ஏற்பிதான் இடம் மாறிவிட்டது. ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பில் ஆணியடித்து மாட்டியவை அல்ல. செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவும் மறுபடி வெளியே வைக்கவும் செய்யும். தொடர் வலிப்பு நிமிடக்கணக்கில் நீடிக்கும்போது, இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் நரம்புச் சந்தியில் இருக்கும் காபா-ஏ ஏற்பிகள் மளமளவென்று உள்ளே போய்விடுகின்றன. தூண்டும் வகையைச் சேர்ந்த குளூட்டமேட் ஏற்பிகளோ அதே நேரத்தில் மேற்பரப்புக்கு வருகின்றன. ஜெய்தீப் கபூரும் இராபர்ட் மெக்டொனால்டும் 1997இல் எலிகளில் அளந்து பார்த்தபோது, வலிப்பு தொடங்கிப் 10 நிமிடத்தில் போதுமானதாக இருந்த டயசெபாமின் அளவு, 45 நிமிடம் கழித்து ஏறத்தாழப் பத்து மடங்கு தேவைப்பட்டது.

இதனால்தான் 5 நிமிடத்திற்கு மேல் ஒரு வலிப்பு நீடித்தால் அதை அவசர நிலையாகக் கருதி உடனே மருந்து கொடுக்க வேண்டும் என்று இப்போது வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2012இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஆம்புலன்ஸ் பணியாளர் தசையில் மிடசோலம் ஊசி போட்டவர்களில் 73 விழுக்காட்டினர் மருத்துவமனையை அடைவதற்குள் வலிப்பு நின்ற நிலையில் இருந்தார்கள். இரத்தக் குழாயைத் தேடி லோரசெபாம் போட்டவர்களில் அது 63 விழுக்காடு. வீரியமான மருந்தை விடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்த மருந்து வென்றது என்றே நான் அதைப் படிக்கிறேன். மூக்கில் அடிக்கும் மிடசோலம் நம் ஊர் மருந்துக்கடைகளிலும் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிறது. உங்கள் மனைவியின் எடைக்கு எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். ஆட்டோவைத் தேடுவதற்கு முன் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்து, மருந்தை அடித்து, 108ஐ அழையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாக நின்றுவிடும். சாவி தேடி எடுக்க ஆகும் நேரமும் அதுதான்.

காபா மாத்திரையே இணையத்தில் விற்கிறார்களே, அதை வாங்கிச் சாப்பிடலாமா?
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பணம் வீண். வாய்வழி உட்கொள்ளும் காபா இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது மிக மிக அரிது. நரம்பணு தனக்கு வேண்டிய காபாவைக் குளூட்டமேட்டிலிருந்து தானே செய்துகொள்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் பி6 தேவை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் அளவுக்கு மீறினால் வலிப்பு வருவது, அது பி6ஐச் செயலிழக்கச் செய்து காபாவின் உற்பத்தியைக் குறைப்பதால்தான். அத்தகைய வலிப்புக்கு மாற்று மருந்தும் பி6தான். வீட்டில் காசநோய் மருந்து சாப்பிடுபவர் இருந்தால் அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மூளையில் காபாவைக் கூட்டும் உண்மையான மருந்தும் இருக்கிறது. விகாபாட்ரின் என்று பெயர். காபாவைச் சிதைக்கும் நொதியை அது முடக்குகிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகைத் திடுக்கிடும் வலிப்பில் நல்ல பலன் தரும் அந்த மருந்து, கணிசமான பேருக்குப் பக்கவாட்டுப் பார்வையை நிரந்தரமாகக் குறுக்கிவிடுகிறது. வகுப்பில் சில வினாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் பிள்ளைகளின் வலிப்பையோ அது அதிகப்படுத்தும், ஏனென்றால் அந்த வகையில் மூளையின் தாலமஸ் பகுதியில் காபாவின் வேலை குறைவாக இல்லாமல் கூடுதலாகவே இருக்கிறது. காபா எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு எங்கும் நிற்காது.

ஏற்பிகளில்தான் கோளாறு என்றால் மூளையில் கத்தி வைப்பானேன்? என் தங்கைக்கு அறுவை பற்றிப் பேசுகிறார்கள்; வீட்டில் எல்லாரும் பயப்படுகிறோம்.
— இராயபுரம் வாசகர்

ஏற்பிகளின் கோளாறு பலருக்கு மூளை முழுதும் பரவியிருப்பதில்லை. நெல்லிக்காய் அளவு இடத்தில் குவிந்திருக்கும். 1988இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பெட் ஸ்கேனில், வலிப்பு புறப்படும் இடத்தில் மட்டும் டயசெபாம் வகை ஏற்பிகளில் மருந்து ஒட்டுவது குறைந்திருப்பதை உயிருள்ள மனிதர்களிடமே காட்டினார்கள். ஏற்பிகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. குளோரைடு தேங்குவதைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் பச்சிளங்குழந்தைகளுக்குப் புமெடனைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு, பலன் தெரியாமலும் சில குழந்தைகளின் செவித்திறன் பாதிக்கப்பட்டும் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2015இல் வெளியாயின. திருத்த முடியாத இடம் சிறியதாகவும், எடுத்தால் பேச்சுக்கும் அசைவுக்கும் பெரிய பாதிப்பு வராததாகவும் இருந்தால், அதை அகற்றுவதே இன்றைக்குள்ள நேரான வழி.

எண்களைச் சொல்கிறேன். இரண்டு பொருத்தமான மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதுவே மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறுத்தது. இரண்டு தோற்றபின் மூன்றாவதும் நான்காவதும் முழுதாக நிறுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 116 பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 விழுக்காட்டினரும், மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தார்கள். அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டதையும் மறைக்கக் கூடாது. அவற்றில் பெரும்பகுதி ஒரு பக்கக் கை, கால் பலவீனம். எல்லாருக்கும் ஒரே அறுவை அல்ல என்பதால், உங்கள் தங்கைக்கு எந்த இடம், எவ்வளவு அபாயம் என்பதை அந்தக் குழுவிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

தண்டையார்பேட்டை அம்மாவுக்கும் இதே பதிலில் ஒரு வார்த்தை. வயிற்றிலிருந்து எழும்பும் உணர்வு, உதடு சப்புதல், வலது கை முறுக்குதல் ஆகிய மூன்றும் அதே வரிசையில் வந்தால், மூளையில் இடது பொட்டுக்கு உட்புறமுள்ள பொட்டு மடலைத்தான் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். அறுவையால் அதிகம் பயன்பெறும் வகைகளில் ஒன்று அது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தில் பேச்சும் சொல் நினைவும் இருப்பதால் கவனமாகச் சோதிக்க வேண்டிய வகையும் அதுவே. உங்களுக்கு ஸ்டான்லி பக்கம்; சென்ட்ரல் எதிரே இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் எட்டும் தொலைவுதான். நரம்பியல் பிரிவில், வலிப்புக்கான நெறிமுறைப்படி எம்.ஆர்.ஐ.யும், வலிப்பு வரும் வரை காத்திருந்து மூளையின் மின்னலைகளைக் காணொளியோடு பதிவு செய்யும் காணொளி ஈ.ஈ.ஜி.யும் தேவையா என்று நேராகக் கேளுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மகனின் மாத்திரை அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்து, ஞாயிறு இரவுக்கான குழியில் மாத்திரை அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். கட்டுப்படாத வலிப்பு என்று வருபவர்களில் சிலருக்கு விடுபட்ட வேளைகளே காரணமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அட்டைகளையும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை வலிப்பு வரும்போது மகள் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். முகமும் இரண்டு கைகளும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும், போர்வையை விலக்கிவிட வேண்டும், நின்ற பிறகும் ஒரு நிமிடம் பேர் சொல்லிக் கூப்பிட்டபடி பதிவைத் தொடர வேண்டும். பேச்சு திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.